நெடுநாள் நின்ற டிராக்டர்: அறிகுறியைக் கொண்டு கோளாற்றைக் கண்டறியும் முறை

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே பழைய டிராக்டர்களைப் புதுப்பிக்கும் நம்மவர்களுக்கு வண்டி கிடைப்பது பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார், ஆனேக்கல் பக்கத்துத் தோட்டங்களில்தான். மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் புளியமரத்தடியிலும் பல மழைக்காலங்களைக் கண்டுவிட்ட மாசி ஃபெர்குசன் 1035, இன்டர்நேஷனல் பி-275, எச்எம்டி சீட்டர் 2511, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் ஐஷர் ஆகியவையே அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஓடித் தேய்ந்து வந்த கோளாறுகளைவிட ஓடாமல் நின்றதால் வந்த கோளாறுகளே இவற்றில் அதிகம் என்பதை வாங்கியவர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். தேய்ந்த எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். நின்று இறுகிய எஞ்சினைப் பெரும்பாலும் பிரிக்காமலேயே மீட்டுவிடலாம். ஆலையில் பொருத்தியபடியே இருக்கும் ஒரு எஞ்சினைத் தேவையில்லாமல் பிரித்துவிட்டால், அதன் மூல உதிரிபாகங்களில் சிலவற்றையாவது இழக்க நேரும். ஆகவே வண்டி காட்டும் அறிகுறியில் தொடங்கி, பிரிக்கத் தேவையில்லாத சோதனைகளை முதலிலும் பிரித்தாக வேண்டிய சோதனைகளைக் கடைசியிலும் வைக்கும் வரிசையில் கீழ்வருவன எழுதப்பட்டுள்ளன.

முதன்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் பம்ப் வரை தடையின்றி நகர்கிறதா என்பதைக் கையால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். நின்ற பம்பில் பழைய டீசல் பிசினாக உலர்ந்து, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு முழு அளவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் பற்றிய நொடியிலிருந்து வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஏர் கிளீனரின் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் வாயை அடைக்கத்தக்க ஒரு கெட்டியான மரப்பலகையை அருகிலேயே வைத்துக்கொள்வது அவசியம். துணியாலோ கையாலோ அடைக்க முயலக் கூடாது. எஞ்சின் அவற்றை உள்ளே இழுத்துவிடும்.

எஞ்சின் அசையவே இல்லை

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்த பின், பேட்டரியைத் தொடாமல், முன்புறக் கப்பியின் போல்ட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் கோளாறு ஸ்டார்ட்டரிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. அடுத்த பகுதிக்குச் செல்லலாம். சுற்றவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மேல்நோக்கிய சைலன்சர் குழாய். அதன் வாயில் மூடி இல்லாமல் வண்டி வெளியில் நின்றிருந்தால் மழைநீர் மேனிஃபோல்டு வழியாக இறங்கி, எந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அந்தச் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கும். எஞ்சின் இறுகுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே. பொதுவாக ஒரு சிலிண்டர் மட்டுமே கெட்டு மற்றவை நன்றாகவே இருப்பதால், முழு எஞ்சினும் போய்விட்டது என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இரண்டாவது, எஞ்சினின் உச்சியில் உள்ள ராக்கர் மூடியைக் கழற்றி வால்வுகளைப் பார்ப்பது. துருவால் ஒட்டிய வால்வோடு எஞ்சினைச் சுற்றினால் வால்வை இயக்கும் புஷ் ராடு வளையும். ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கின் தலையிலும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, அது இறங்கி ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பின்னர் இன்ஜெக்டர்களை எல்லாம் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குரிய ஏ.டி.எஃப். எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் விட வேண்டும். எண்ணெய் மட்டம் ஒரு சிலிண்டரில் இறங்காமலே நின்றால் அங்கே ரிங்குகள் இறுகியிருக்கின்றன என்று கொள்ளலாம். அதன்பின் ஃபிளைவீலின் பற்களில் நெம்புகோலை வைத்து முன்னும் பின்னுமாகச் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருந்தால், அசைவு ஒரு மயிரிழையில் தொடங்கி நாளுக்கு நாள் கூடும். இங்கே அவசரம்தான் பகை. வேறொரு வண்டியைக் கட்டி இழுத்துச் சுற்றவைப்பது கண்டிப்பாகக் கூடாது. பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். விடுபட்ட பின்பு இன்ஜெக்டர்களை மாட்டாமலேயே பல சுற்றுகள் சுற்றி, ஊற்றிய திரவம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். பிஸ்டனுக்கு மேல் தங்கிய திரவம் அழுத்தத்திற்கு வளைந்துகொடுக்காது. மூடிய சிலிண்டரில் அது ராடை வளைத்துவிடும். பத்து நாட்கள் ஊறியும் அசையவில்லை என்றால், அப்போது ஹெட்டைக் கழற்றுவது நியாயமானது.

ஸ்டார்ட்டர் 'டக்' என்று மட்டும் சத்தமிடுகிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

டீசல் எஞ்சின் பற்றுவதற்குச் சுற்றும் வேகம் இன்றியமையாதது. அழுத்தத்தால் பிறக்கும் வெப்பம் மெதுவான சுற்றில் சிலிண்டர் சுவருக்கே போய்விடும். நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரியையே ஐயுற வேண்டும். இறங்காமலும் சுற்று மெதுவாக இருந்தால் கோளாறு கேபிளில் இருக்கிறது. ஸ்டார்ட்டரைச் சுற்றவைத்துக்கொண்டே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால், எர்த் பட்டை சேசிஸைத் தொடும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்குவதே வைத்தியம். புதுப்பித்தவர்கள் எர்த் முனையின் மேலும் அழகாகப் பெயின்ட் அடித்துவிடுவதால், நன்றாக ஓடிய வண்டியிலும் இக்கோளாறு புதிதாக வருவதுண்டு. ஸ்டார்ட்டரைக் கழற்றி, பெங்களூரின் வாகன உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. சாலைக்கு எடுத்துச் செல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை

சுற்றும் டீசல் எஞ்சினில் வெண்புகையின் சாயல்கூட இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று பொருள். கம்ப்ரஷனைப் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை) பற்றி இப்போது சிந்திக்க வேண்டியதில்லை. டாங்கிலிருந்து தொடங்கி டீசல் செல்லும் திசையிலேயே தேடிச் செல்ல வேண்டும்.

பழைய டீசலை முழுவதும் வடித்து, டாங்கின் அடியில் உள்ள வலையைக் கழுவி, ஃபில்டரை மாற்றிய பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தால், முதலில் நுரையும் பின்பு குமிழற்ற டீசலும் வரும். கைப்பிடி எதிர்ப்பில்லாமல் தொளதொளவென்று ஆடினால் ஃபீட் பம்ப் கெட்டுவிட்டதாக முடிவுகட்டிவிடக் கூடாது; கேமின் உச்சி அதன் நெம்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிப்புக் கிடைக்கும்.

அடுத்தது பம்ப். நம் நாட்டுப் பழைய டிராக்டர்களில் இரண்டு வகைப் பம்புகள் உண்டு. வரிசையாக உருளைகள் நிற்கும் இன்லைன் பம்ப் ஒன்று. ஒரே தலையிலிருந்து எல்லாக் குழாய்களும் பிரியும், டி.பி.ஏ. என்று அழைக்கப்படும் ரோட்டரி பம்ப் மற்றொன்று. இன்லைன் பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பிளஞ்சர்கள் ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்று மேலேயே நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. ரோட்டரி பம்பில் அப்படிப் பார்க்க வழியில்லை. அதன் கவர்னர் மூடியின் மேலுள்ள திருகிலும் பம்பின் உடலில் உள்ள திருகிலும் தனித்தனியே ஏர் எடுக்க வேண்டும். இந்தப் பம்புக்கு டீசலே உயவு எண்ணெய் என்பதால், டீசல் வராமல் நெடுநேரம் சுற்றவைப்பது அதைத் தேய்க்கும். கடைசியாக, த்ராட்டிலை முழுவதும் திறந்து, இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளில் இரண்டைத் தளர்த்திச் சுற்றினால் டீசல் துடித்துத் துடித்து வெளிவரும், அப்போது இறுக்கிவிடலாம். கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. இன்ஜெக்டரின் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அது சிறு காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம்.

ஏர் எல்லாம் எடுத்தும் பம்பிலிருந்து டீசல் வராவிட்டால், அதை வீட்டில் பிரிக்காமல் பம்ப் நாசில் கடையிடம் கொடுப்பதே முறை. பெங்களூர் ஆடுகோடியில் 1950களிலேயே டீசல் பம்ப் கருவிகள் செய்யும் மைக்கோ ஆலை வந்துவிட்டதால் டீசல் பம்ப் வேலை இந்த ஊருக்கு நெடுநாள் பழகிய தொழில். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு பார்க்காமல் எந்தப் பம்பையும் திரும்ப வாங்கக் கூடாது. கழற்றும் முன் பம்பின் ஃபிளாஞ்சிலும் எஞ்சினிலும் உள்ள டைமிங் கோடுகள் எங்கே ஒன்றுகின்றன என்பதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெண்புகை வருகிறது, பற்ற மறுக்கிறது

டீசல் உள்ளே போகிறது, எரியத் தேவையான வெப்பம் கிடைக்கவில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களின் பெங்களூர் அதிகாலையில் தொல்லை தந்துவிட்டு நண்பகலில் எளிதாகப் பற்றும் வண்டி இந்த இனத்தைச் சேர்ந்தது. முதலில் ஹீட்டர் வேலைசெய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்ட மாசி ஃபெர்குசனில் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் தெர்மோஸ்டார்ட் என்னும் சாதனத்திற்கு மின்சாரத்தோடு டீசலும் தனிக் குழாயில் வர வேண்டும். அந்தக் குழாய் காய்ந்து கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. இந்தச் சாதனம் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹீட்டரின் நெருப்பில் மேனிஃபோல்டே வெடிக்கலாம்.

அடுத்து வால்வு இடைவெளி. மேற்சொன்ன பெர்கின்ஸ் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர் வேண்டும். இடைவெளியே இல்லாமல் போன வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசிந்துவிடும். அதையும் சரிசெய்த பின்னரே டீசலுக்குரிய கம்ப்ரஷன் கேஜை இன்ஜெக்டர் துளையில் மாட்ட வேண்டும். எண்ணைவிட சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மூன்றும் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால், சில மணி நேரம் ஓட்டினால் ஒட்டிய ரிங்குகள் விடுபட்டு நிலைமை தேறக்கூடும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் சில துளி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். கம்ப்ரஷன் எல்லாம் சரியாக இருந்து, முன்பு யாரோ பம்பைக் கழற்றி மாட்டிய வண்டி என்று தெரிந்தால், டைமிங் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது என்று கொண்டு அதையே தேட வேண்டும்.

பற்றிச் சில நிமிடங்களில் அணைகிறது

டாங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அணையாமல் ஓடினால், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அதுவல்ல என்றால் டாங்கின் துரு, வலையை மெல்ல மெல்ல மூடுகிறது; சற்று நேரம் நின்றதும் துரு படிந்து மீண்டும் வழிவிடுவதால், காத்திருந்தால் வண்டி திரும்பவும் பற்றும். இந்த இரண்டும் இல்லாதபோது ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினால், குமிழ்கள் போவது கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே நுழைய முடியும். ஆகவே ஈரம் இல்லாத இணைப்பு நல்ல இணைப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

ஓடும்போது புகை

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குள்ள காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களைவிட ஒன்பது விழுக்காடு அளவுக்குக் குறைவு. சென்னையில் பெஞ்சில் அளவு வைத்த பம்ப் இங்கே பாரம் இழுக்கும்போது சற்றுக் கறுப்பாகப் புகைப்பது இயல்பே. பாரம் இல்லாதபோதும் கறுத்தால், எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரைத் திறந்து, அடியில் சேறாகக் கட்டிய எண்ணெயையும் வலையில் கட்டிய குளவிக் கூட்டையும் அகற்ற வேண்டும். பிறகே நாசில்களைச் சோதிக்கலாம்.

நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். ரிங் என்று முடிவுசெய்யும் முன், அதே ஏர் கிளீனர் தொட்டியில் குறியிட்ட கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலதிக எண்ணெயை எஞ்சின் உறிஞ்சினால் புகை மட்டுமல்ல, ஸ்டாப் கேபிளுக்கும் அடங்காத ஓட்டமும் வரக்கூடும். அப்போதுதான் அந்த மரப்பலகை தேவைப்படும்.

சூடேறிக் கொதிக்கிறது

இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகிப்போய் அழுத்தத்தைத் தாங்காவிட்டால், வேறு கோளாறு இல்லாமலேயே நீர் பொங்கி வழியும். மூடியை மாற்றுவது மிக மலிவான சோதனை. அடுத்த காரணம் கடினமான போர்வெல் நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவு. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, வடித்து, நல்ல நீரால் பலமுறை கழுவினால் கணிசமாகக் குறையும். பிளாக்கின் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிச் சேறு தங்கியிருந்தால் கரைசல் அதைத் தொடாது. வடிகால் திருகைக் கழற்றிக் கம்பியால் குத்திவிட வேண்டும். இவற்றுக்கும் அடங்காவிட்டால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி, குமிழ்கள் விடாமல் வருகின்றனவா என்று கவனிக்க வேண்டும். வந்தால் ஹெட் கேஸ்கட். ஐஷரில் நீரே இல்லை. அதன் சிலிண்டர் துடுப்புகளுக்கிடையே அடைத்த வைக்கோலையும் எண்ணெய் மண்ணையும் சுரண்டுவதே முழு வேலை.

ஆயில் மட்டம் தானாக உயர்கிறது

இந்த அறிகுறி தென்பட்ட எஞ்சினை ஓட்டக் கூடாது. இரவு முழுதும் நிற்கவிட்டு, காலையில் சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் திருகைச் சிறிது மட்டும் தளர்த்தினால், நீர் கலந்திருந்தால் அதுவே முதலில் வடியும். நீர் இல்லாமல் ஆயில் நீர்த்து டீசல் மணம் வீசினால், ஃபீட் பம்பின் டயஃப்ரமோ பம்ப் தண்டின் சீலோ கிழிந்திருக்கிறது.

கிளட்சை மிதித்தும் கியர் விழவில்லை

நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். பெடலை முழுவதும் மிதித்து மரத்துண்டால் முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விட வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பின் அவ்வாறு விட்டால் இன்னும் விரைவில் விடுபடும். விடவில்லை என்றால், ஆளில்லாத திறந்த வெளியில், பெடலை மிதித்தபடியே உயர் கியரில் ஓட்டி, த்ராட்டிலைத் திடீரென்று கூட்டியும் பிரேக்கை அழுத்தியும் உதற வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துக் கிளட்சை வெளியே எடுப்பது இதற்கும் பின்னால்தான்.

ஹைட்ராலிக் லிஃப்ட் எழவில்லை, அல்லது எழுந்து தலையாட்டுகிறது

மாசி ஃபெர்குசன் 35 குடும்பத்து வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க உறைக்குள்ளேயே, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டால் சுழற்றப்படுகிறது. பி.டி.ஓ. நெம்பு விலகியிருந்தால் பம்ப் சுற்றாது, லிஃப்டும் எழாது. இதை அறியாமல் பம்பையே வெளியே எடுத்துவிட்ட பட்டறைகள் உண்டு. நெம்பு சரியாக இருந்தால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் நெம்பின் கிழிந்த ரப்பர் வழியாக இறங்கிய மழைநீர் அதைப் பால்போல் ஆக்கியிருந்தால், முழுவதையும் வடித்து, உறிஞ்சும் ஃபில்டரையும் கழுவிய பிறகே மற்றச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு.

லிஃப்ட் எழுகிறது, ஆனால் பாரத்தை ஏந்தி நிற்கும்போது விட்டு விட்டு ஆடுகிறது என்றால், ஏதோ ஓரிடத்தில் எண்ணெய் கசிய, கன்ட்ரோல் வால்வு அதை ஈடுசெய்துகொண்டே இருக்கிறது. கலப்பையை முழுவதும் தூக்கி எஞ்சினை அணைத்து, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தால் கசிவின் அளவு புரியும். கசியும் இடத்தை அறிய, பி.டி.ஓ. தண்டில் எதுவும் மாட்டாமல், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு, டார்ச் ஒளியில் உள்ளே பார்க்க வேண்டும். கையை ஒருபோதும் உள்ளே விடக் கூடாது. பம்பிலிருந்து மேலே செல்லும் நிற்குழாயின் முனையில் எண்ணெய் பீச்சினால், மலிவான ஓ-ரிங்கை மாற்றினால் போதும். சிலிண்டரின் வாயிலிருந்து வழிந்தால் மேல்மூடியைத் தூக்கி பிஸ்டனின் சீல்களை மாற்ற வேண்டும். எங்கும் பீச்சல் தெரியாமல் பாரம் மட்டும் இறங்கினால் பம்பிலேயே உள்ள கன்ட்ரோல் வால்வு தேய்ந்திருக்கிறது. பம்பை வெளியே எடுக்க வேண்டிய ஒரே நிலைமை அதுதான்.

டைனமோ சார்ஜ் செய்யவில்லை

டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (காந்தச் சுருளின் முனை) ஆகிய முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்து எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டினால், வோல்ட் விரைவாக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்டவிடாமல் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஏறினால் டைனமோ நலம். ரெகுலேட்டர் பெட்டியின் முனைகளைத்தான் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஏறாவிட்டால், நெடுநாள் நின்றதில் அது தன் காந்தத்தை இழந்திருக்கலாம். பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியை எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த் ஆனது என்பதால், இதைச் செய்வதற்கு முன் பேட்டரி எந்த முனையில் சேசிஸோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.